குறையும் குற்றமும்: ஊவாத் தோட்டங்களின் வரலாற்றிற் சில சொற்கள்

பிறர்பால் உள்ள தவற்றினை எடுத்துச் சொல்லும் செயலுக்குத் தமிழிலே சொற்கள் பல உள. குற்றங்காணல், குறைகூறல், பழித்தல், வைதல், தூற்றல், இடித்துரைத்தல், கண்டித்தல், புறங்கூறல் என்பன அவற்றுட் சில. பிற்காலத்தே விமர்சனம் என்னும் வடசொல்லும் திறனாய்வு என்னும் தமிழாக்கமும் இவற்றோடு சேர்ந்தன. அகராதியைப் புரட்டுவோர் இவற்றை ஒருபொருட் பன்மொழிகள் என மயங்குதல் கூடும். வழக்கினை நுணுகி நோக்குவோர்க்கோ ஒவ்வொரு சொல்லும் தனக்கெனத் தனியிடம் உடையது என்பது தெற்றென விளங்கும். சொல்லுவோன் யார், கேட்போன் யார், இருவருள் உயர்ந்தோன் யார், சொல் நேர்நின்று சொல்லப்பட்டதோ மறைவிற் சொல்லப்பட்டதோ என்னும் வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இவற்றுள் எச்சொல் பொருந்தும் என்று துணிய இயலும்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதொன்றன்று. பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவா மாகாணத் தோட்டங்களையும் தம் உழைப்பால் ஆக்கிய தமிழ் மக்களின் வரலாற்றிலே, ஒரு குரல் எச்சொல்லாற் பெயரிடப்பட்டது என்பதைப் பொறுத்தே ஒருவன் கூலி பெறுவதும் சிறை புகுவதும் அமைந்திருந்தன. ஆதலின் அச்சொற்களின் பொருளை முதலிலும், அவை தோட்டத்தில் வழங்கிய வரலாற்றைப் பின்னரும் ஆராய்தல் பயனுடைத்து.

குற்றம் என்னுஞ் சொல் நெறியினின்றும் வழுவுதலைக் குறிப்பது. வள்ளுவர் 'குற்றங்கடிதல்' என்னும் 44ஆம் அதிகாரத்தை அரசியலிலே வைத்தார். அங்கே அவர் கடியச் சொல்வன குடிகளின் குற்றங்களல்ல. செருக்கு, சினம், பொருளை இறுக்கும் தன்மை முதலாய அரசனின் குற்றங்களே. தன் குற்றத்தை முன்னர் நீக்கிப் பின்னர்ப் பிறர் குற்றத்தை ஆராயும் வேந்தனுக்குத் தீங்கு வராது என்பது அவ்வதிகாரத்தின் கருத்து. நன்னூலார் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று வகுத்ததோடு அமையாது, நூலுக்குரிய அழகுகள் பத்தினையும் உடன்வைத்து எண்ணினார். குற்றங்காணும் கண்ணுக்குக் குணமும் தெரிதல் வேண்டும் என்பதே பழையோர் கொள்கையாகும்.

குறை என்பது அதனின் வேறானது. குறைதல், குறைத்தல் என்னும் வினைகளோடு உறவுடையதாதலின், நிரம்பாமை என்பதே அதன் அடிப்பொருள். ஒரு பொருளின் நிரம்பாமையைச் சுட்டும்போது அது பழுது எனப்படும். ஒருவன் தன் வாழ்வின் நிரம்பாமையைச் சுட்டும்போது அதுவே முறையீடு ஆகும். அகப்பொருள் நூல்களிலே தலைவன் தோழியிடம் 'குறையிரந்து பின்னிற்றல்' ஒரு துறையாக வைக்கப்பட்டுள்ளது. ஆண்டுக் குறை என்பது வேண்டுகோளையே உணர்த்தும். 'குறை தீர்த்தல்' என இன்றும் வழங்கும் தொடரிலும் அப்பொருளே நிற்கின்றது. ஆகவே, 'அவன் குறை சொன்னான்' என்ற தொடர் இருபொருட்டு. அவன் பிறனைப் பழித்தான் என்றும் கொள்ளலாம். தன் இல்லாமையை எடுத்துரைத்தான் என்றும் கொள்ளலாம். இவ்விருபொருளை நினைவில் இருத்துதல் வேண்டும். தோட்டத்து வரலாறு இதனைச் சுற்றியே நடந்தது.

இடித்துரைத்தல் நட்பின் கடமை. நட்புச் செய்தல் நகுதற்பொருட்டன்று, நண்பன் நெறி கடக்குமிடத்து முற்பட்டு இடித்தற்பொருட்டு என்றார் வள்ளுவர். இடிப்பார் இல்லாத மன்னன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் என்பதும், செவிக்குக் கைக்கும் சொல்லைப் பொறுக்கும் வேந்தனின் குடைக்கீழ் உலகம் தங்கும் என்பதும் அவர் துணிபுகள். எனவே, தாழ்ந்தோன் உயர்ந்தோனுக்கு அவன் தவற்றை எடுத்துரைத்தல் தமிழ் மரபிலே பிழையாகக் கருதப்பட்டதில்லை. உயர்ந்தோன் அதனைத் தாங்கிக்கொள்வதே அவன் மாட்சியென மதிக்கப்பட்டது.

நேர்நின்று உரைக்க இயலாதார்க்குத் தொல்காப்பியம் வேறொரு வழியைக் காட்டுகின்றது. செய்யுளியலிலே அங்கதம் இருவகைப்படும் என்பர். வெளிப்படையாக வசை கூறுவது செம்பொருள் அங்கதம். வசையை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம்.

கண்டனம் என்பது வடசொல். கண்டம் என்றால் துண்டு. கண்டனம் என்றால் துண்டாக்கல். எதிரியின் கொள்கையைக் கூறுகூறாகப் பிரித்து ஒவ்வொன்றையும் மறுத்தல் வாதநூலார் முறையாதலின் அப்பெயர் வந்தது. சிவஞான முனிவர் 'இலக்கண விளக்கச் சூறாவளி' எழுதியது இந்நெறியில். ஈழத்திலே இந்நெறி பத்தொன்பதாம் நூற்றாண்டில் உச்சம் அடைந்தது. ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவதூஷண பரிகாரம்' வெளியிட்டுச் சமயப்பகைவரின் நிந்தனைகளுக்கு விடையிறுத்தார். அருட்பா தொடர்பாக எழுந்த பெரும் பூசலும் கண்டன நூல்களையே படைக்கலங்களாகக் கொண்டது. நாவலர் நூற்பெயரில் உள்ள 'தூஷணம்' நிந்தனை என்னும் பொருளது. இன்றோ ஈழத்துப் பேச்சுவழக்கிலே அச்சொல், வாயாற் சொல்லத்தகாத இழிசொற்களையே குறிக்கின்றது. பழித்தல் மிகுந்தவிடத்து அஃது எங்குச் சென்று முடியும் என்பதற்கு இச்சொல்லின் வீழ்ச்சியே சான்று போலும்.

யாழ்ப்பாணத்திலே கற்றோர் அச்சியந்திரங்களை அமைத்துக் கண்டனமும் மறுப்பும் எழுதிக் கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டினின்றும் வேறொரு தமிழ்க் கூட்டத்தார் கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளையை அடைந்து மலைநாடெங்கும் பிரிந்து சென்றனர். அவர்களுட் பலர் ஊவாவின் கோப்பித் தோட்டங்களைச் சேர்ந்தனர். கோப்பிச் செடியை அழித்த இலைநோய் இலங்கையிலே 1869இல் முதன்முதற் காணப்பட்டது ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலேயாம். கோப்பி அழிந்த நிலத்திலே தேயிலை எழுந்தது. 1886இல் ஊவா தனி மாகாணமாகிப் பதுளை அதன் தலைநகராயிற்று. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. பசறை, லுணுகலை, நமுனுகுலை, ஹாலிஎலை, தெமோதரை என்னும் பெயர்கள் யாவும் தேயிலையோடு தொடர்புற்றன.

இத்தோட்டங்களிலே 'குற்றம்' என்னும் சொல்லுக்குப் பொருள் வகுத்தது 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொழிற் கட்டளைச் சட்டம். தொழிலாளிக்கும் தோட்ட உரிமையாளர்க்கும் இடையே உள்ளது ஓர் ஒப்பந்தம். ஒப்பந்தத்தை மீறுதல் உரிமைப்பிணக்கேயன்றிக் கொடுஞ்செயல் ஆகாது என்பது நீதிநூலாரின் பொதுவிதி. அச்சட்டமோ, தக்க காரணமின்றி வேலைக்கு வராமை, வேலையை விட்டு நீங்குதல், கட்டளையை வேண்டுமென்றே மீறுதல் என்பனவற்றைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள் ஆக்கிற்று. அப்பட்டியலிலே மேலுமொன்று இருந்தது. அது துடுக்குத்தனம், அஃதாவது எசமானை மதியாது பேசுதல். மூன்று மாதம் வரை சிறையும் கூலியிழப்பும் அதற்கு விதிக்கப்படலாம்.

இதன் பொருளை நிறுத்திச் சிந்தித்தல் வேண்டும். பிரட்டுக்களத்திலே விடியற்காலையில் நிற்கும் ஒருவன், 'நேற்றைக்கு எனக்கு முழுப்பேர் போடாமல் அரைப்பேர் போட்டது ஏன்?' என்று வினவுகின்றான் எனக் கொள்வோம். பேர் என்பது செக்ரோலிற் பெயர்க்கு நேரே இடப்படும் ஒருநாட் கூலிக்குறி. பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அது பாதியாகும்; அதுவே அரைப்பேர். அவ்வினா, உழைத்தவன் தன் குறையை எடுத்துரைத்தல் ஆகும். கேட்கும் துரையோ கணக்கப்பிள்ளையோ விரும்பினால் அதுவே துடுக்குத்தனம் எனப் பெயர் பெற்றுவிடும். தமிழ் வழக்கிற் குறையாக இருந்தது சட்ட வழக்கிற் குற்றமாக மாறிவிடும். வள்ளுவர் அரசன்பால் தேடச் சொன்ன குற்றம் இங்கே குடியின் நாவிலே தேடப்பட்டது.

இந்நிலையிலே வாய் திறக்க எஞ்சியிருந்த வழி குறையிரத்தல் ஒன்றே. தொழிலாளி தன் குறையைக் கங்காணிக்குச் சொல்வான். கங்காணி பெரிய கங்காணிக்குச் சொல்வான். பெரிய கங்காணி மனம் வைத்தாற் கணக்கப்பிள்ளைக்கோ துரைக்கோ அது சென்றடையும். ஒவ்வொரு படியிலும் குரல் தாழும்; கைகள் கட்டப்படும். அக்கங்காணிக்கே அவன் கடன்பட்டிருந்தான். அவனை மற்றொரு தோட்டம் ஏற்க வேண்டுமானால், அவன் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் விடுவிப்போம் என்று எழுதிய 'துண்டு' வேண்டும். தன்னைக் கடனாற் பிணித்தவனிடமே தன் குறையை ஒப்படைத்தல், ஆட்டின் வழக்கை ஓநாயிடம் ஒப்படைத்தலை ஒக்கும்.

எனினும் வாய் அடைபட்டவிடத்தும் பாட்டு அடைபடவில்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் மலைச்சரிவிலே பாடிய பாடல்களையும், லயத்திலே தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் எழுந்தவற்றையும் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோர் தேடித் தொகுத்தனர். ஒரு கோப்பிப் பழம் தவறியதற்காகச் சின்னத்துரையிடம் உதைபட்ட செய்தியைச் சொல்லும் பாட்டு அவற்றுள் யாவரும் அறிந்தது. அதிலே துரை பெயர் குறியாது வெளிப்படையாகவே பழிக்கப்படுகின்றான். வேறு சில பாடல்களிலே கங்காணியின் தலைப்பாகையும் கோட்டும் புகழப்படுவன போலக் காட்டி இகழப்படுகின்றன. தொல்காப்பியர் வகுத்த செம்பொருள் அங்கதமும் பழிகரப்பு அங்கதமும் அந்நூலின் பெயரையே கேட்டறியாத பெண்மக்களின் நாவிலே உயிர்பெற்று உலாவின. சட்டம் துடுக்குத்தனத்தைத் தண்டிக்கலாம். குழந்தையை உறங்கவைக்கும் பாட்டிலே துடுக்குத்தனம் எது என்று எந்த நீதிபதியும் பிரித்தெடுத்தல் அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே இக்குறைகளை இரத்தலாகவன்றி இடித்துரையாக எடுத்துச் சொல்வோர் வெளியிலிருந்து வந்தனர். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் நிறுவி, ஒப்பந்த மீறலுக்குச் சிறைத்தண்டனை விதித்தல் அறமாகாது என்று அரசினரை இடித்துரைத்தார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. தண்டனை விதிகளும் 1920களின் தொடக்கத்தில் நீங்கின. 1923இல் இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியிலே அமர்த்தப்பட்டமையாற் கங்காணியைக் கடந்தும் குறை சொல்ல ஓரிடம் உண்டாயிற்று. 1927இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கூலிக்கு ஓர் எல்லைக்கோடு வகுத்தது.

தஞ்சையினின்றும் வந்த கோ. நடேசையர் (1887–1947) இம்மாற்றத்தை மேலும் ஒருபடி உயர்த்தினார். பத்திரிகையாளராகிய அவர் 'தேசபக்தன்' முதலிய இதழ்களிலே தோட்டங்களின் நிலையை எழுதினார், சட்டசபையிலும் பேசினார். 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை நிறுவினார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை தொழிலாளர் கூட்டங்களிலே பாட்டிசைத்தார். மலைச்சரிவிலே மறைந்து ஒலித்த அங்கதம் மேடையேறியது. நாவலர் காலத்திலே சமயவாதிகளின் கருவியாயிருந்த கண்டனம், நடேசையர் காலத்திலே தொழிலாளரின் கருவியாயிற்று. 'கண்டனத் தீர்மானம்', 'கண்டனக் கூட்டம்' என்னும் தொடர்கள் மலைநாட்டுத் தமிழின் அன்றாட வழக்கில் இடம்பெற்றன.

இரத்தலுக்கும் கண்டித்தலுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. இரப்பவன் தனித்து நிற்பான். கண்டனத்தை நிறைவேற்றுவோர் கூடி நிற்பர். இரப்பவன் கேட்போனின் அருளை நம்புவான்; கண்டிப்போர் நியாயத்தை நம்புவர். 1940ஆம் ஆண்டு இவ்வேறுபாடு மலைநாடெங்கும் வெளிப்பட்டது. அவ்வாண்டு சனவரி 10ஆம் நாள் ஹேவாஹெட்டைப் பகுதியைச் சார்ந்த முல்லோயாத் தோட்டத்தின் வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிக்கு இரையானார். அவ்வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளையை அடுத்த வெவெஸ்ஸ தோட்டத்திலே தொழிலாளர் தம்முள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தனர். அச்சபையைக் கலந்து நடப்பதற்குத் தோட்டத்துரையும் இணங்கினார். அவ்விணக்கம் நெடுநாள் நிலைக்கவில்லை. பொலிசாரின் அடக்குமுறை அவ்வலையைத் தணித்தது. ஆயினும், எசமானை மதியாது பேசுதல் சிறைக்குரிய குற்றம் என விதித்த சட்டம் எழுந்து 75 ஆண்டுகளின் பின், அதே மலைகளிலே ஓர் எசமான் தொழிலாளரின் சொல்லைக் கேட்டு நடப்பதாக ஒருமுறையேனும் ஒப்புக்கொண்டார் என்பது சிறிய செய்தியன்று. சங்கத்தின் வாயிலாக எழுந்த குறைகூறல் அங்கே குற்றமென்னும் பெயரினின்று விடுபட்டது.

இவ்வரலாற்றிலே துரைமார் மேல் மட்டும் பழி சுமத்தி அமைதல் நேர்மையாகாது. தோட்ட மக்களைக் குறித்துத் தமிழரே வழங்கிய வசைச்சொற்களும் உள. 'தோட்டக்காட்டான்' என்பது அவற்றுள் ஒன்று. நகரத்துக் கடைக்காரரும், தோட்டத்து அலுவலகங்களில் எழுதுவினைஞராய் அமர்ந்தோரும், வடக்கிலும் கிழக்கிலும் கற்றுவந்தோரும் அச்சொல்லை வழங்கினர். வசைக்கும் குறைகூறலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே நன்கு புலப்படும். குறைகூறல் ஒருவன் செய்த செயலைச் சுட்டும். அச்செயலைத் திருத்திக்கொள்ள அவனுக்கு இடமுண்டு. வசையோ ஒருவன் பிறந்த இடத்தையும் செய்யும் தொழிலையும் சுட்டும். அதனை அவன் திருத்திக்கொள்ள வழியில்லை. கூலி என்னும் நற்சொல்லும் இவ்வாறே கெட்டது. உழைப்புக்குப் பெறும் ஊதியத்தைக் குறித்த அச்சொல், பெறுவோனையே குறித்து, அவனை இழிக்கும் சொல்லாயிற்று.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களிற் பெரும்பாலாரை நாடற்றோர் ஆக்கியது. மறுஆண்டு வந்த சட்டத்தின்கீழ்க் குடியுரிமை வேண்டி அவர்கள் விண்ணப்பித்தனர். அவ்விண்ணப்பங்களிற் பெருந்தொகையானவை மறுக்கப்பட்டன. பிறப்புப் பதிவு இன்மை, சான்றுப்பத்திரம் போதாமை என்னும் குறைகள் விண்ணப்பத்திலே காணப்பட்டபோது, அக்குறை தாளில் உள்ளதோ, பிறப்பைப் பதியாத தோட்ட வாழ்வில் உள்ளதோ என்று வினவுவோர் சிலரே. 1952இலே கொழும்பிற் சத்தியாக்கிரகம் நடந்தது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் செய்த ஒப்பந்தம் இம்மக்களைப் பங்கிட்டது. இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கியது. ஒரு மக்கட்கூட்டத்தின் குறை தீர்வதற்கு 55 ஆண்டுகள் கடந்தன.

இனி எஞ்சியவை விமர்சனம், திறனாய்வு என்னும் இரு சொற்கள். விமர்சம் என்னும் வடசொல் தொட்டுணர்தலையும் ஆராய்தலையும் குறிப்பது. அதிலே பழித்தற்பொருள் முதற்கண் இல்லை. 1959இல் சி. சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கினார், அவ்வாண்டிலேயே க. நா. சுப்ரமண்யத்தின் 'விமரிசனக் கலை' வெளிவந்தது. ஈழத்திலே க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் இலக்கியத்தைச் சமுதாயத்தோடு பொருத்தி ஆராயும் நெறியை வளர்த்தனர். திறனாய்வு என்னும் சொல் இன்னும் தெளிவானது. குற்றத்தை ஆய்தல் என்னாது திறனை ஆய்தல் என்றே அது சொல்கின்றது. ஆயினும் நாள்வழக்கிலே 'என்னை விமர்சித்தான்' என்றால் 'என்னைத் திட்டினான்' என்றே பலர் கொள்கின்றனர். ஆராய்ச்சிக்கென வந்த சொல்லும் பழிப்பின் பக்கம் சரிந்துவிட்டது. குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிகுந்ததைக் கொண்டு துணிக என்று 51ஆம் அதிகாரத்திலே வள்ளுவர் வகுத்த அளவுகோல் கைநெகிழ்ந்தமையே அதற்குக் காரணம்.

கண்டனம் ஊவாத் தோட்ட மக்களுக்கு வேண்டிய கருவியாயிருந்தது, இன்றும் வேண்டப்படுகின்றது. எனினும் துண்டாக்குவதற்கு உதவும் கருவி, கட்டி எழுப்புவதற்குப் போதாது. தம் சங்கங்களையும் தம் தலைவர்களையும் தம் எழுத்துக்களையும் எடைபோட்டு நோக்கும் திறனாய்வு மனப்பான்மை தோட்டத்துப் பிள்ளைகளிடையே வளர்தல் வேண்டும். அது வளரும் இடம் பள்ளிக்கூடமே. கரும்பலகையில் ஆசிரியர் எழுதிய கணக்கிலே பிழையுண்டு என்று ஒரு மாணவன் எழுந்து சொல்லும்போது, அதனை ஆசிரியர் எச்சொல்லாற் பெயரிடுகின்றார் என்பதே முதன்மையான வினா. துடுக்குத்தனம் என்று பெயரிட்டு அவனை அமர்த்துவாராயின், 1865ஆம் ஆண்டின் சட்டம் அவ்வகுப்பறையிலே இன்னும் நடைமுறையில் உள்ளது என்க. பலகையைத் திரும்பி நோக்கி, பிழையாயின் அழித்தெழுதி, பிழையன்றாயின் ஏன் அன்று என்று விளக்கி மேற்செல்வாராயின், செவிகைக்கும் சொல்லைப் பொறுக்கும் மாட்சியை அம்மாணவன் நூலில் மட்டுமன்றி நேரிலும் கற்றவனாவான்.